ஸ்கிராம்ப்ளர் ஓட்டிகளுக்கு: கேள்வி-பதில்

கேள்வி: முழங்காலில் ஏசிஎல் தசைநார் அறுவை முடிந்து நான்கு மாதமாகிறது. வலியில்லை, வீக்கமில்லை. பழைய ரப்பர் தோட்டப் பாதையில் மட்டும் மெதுவாக ஓட்டலாமா? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: கூடாது, தம்பி. உங்களைப் போல் வருகிற எல்லாரும் "வலியில்லை" என்றுதான் தொடங்குகிறார்கள். வலி போவது முதல் சில வாரங்களில். தசைநார் உறுதிப்படுவது அதற்கு வெகுநாள் கழித்து. உங்கள் தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச்சில்லுக்குக் கீழிருந்தோ எடுத்து வைத்த நாண், முதல் மாதங்களில் வலுவிழந்து, பிறகு புது இரத்தநாளங்கள் ஊடுருவி, மெல்லத்தான் தசைநாராக மாறும். அது நடக்கும்போது உங்களுக்கு எதுவுமே தெரியாது.

"மெதுவாக" என்பது இன்னும் மோசம். வேகமாகப் போகிறவன் கால்மிதியில் நிற்கிறான். மெதுவாகப் போகிறவன்தான் அடிக்கடி காலை ஊன்றுகிறான். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட மேடுகளில் ஒரு மழை பெய்தால் போதும். பூட்ஸ் செம்மண்ணில் புதையும், நூறு கிலோவுக்கு மேலான வண்டி ஒரு பக்கம் சாயும், உடம்பு திரும்பும், முழங்கால் திரும்பாது. ஏசிஎல் அறுவதே இப்படித்தான்.

குறைந்தது ஒன்பது மாதம். அதுவும் நாட்காட்டி பார்த்து அல்ல. அறுவை செய்த காலின் தொடைத் தசை மற்றக் காலின் பலத்தில் தொண்ணூறு விழுக்காட்டையாவது எட்ட வேண்டும். ஒற்றைக்காலில் தாவி நிலையாக நிற்க வேண்டும். பிசியோவிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வண்டி எங்கும் போய்விடாது.

கேள்வி: மகன் காலில் தகடு வைத்திருக்கிறார்கள். முட்டை, கோழி கொடுத்தால் புண் சீழ் பிடிக்கும் என்கிறார் மாமியார். (தாய், மெங்லெம்பு)

பதில்: கொடுங்கள், அம்மா. மீனும் பருப்பும் சேருங்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். அவன் சிகரெட் பிடித்தால் பத்தியத்தை அதில் காட்டச் சொல்லுங்கள். எலும்பு கூடுவதைக் கெடுப்பது அதுதான்.

கேள்வி: விழும்போது கையை ஊன்றினேன். எக்ஸ்ரேயில் முறிவில்லை. இரண்டு வாரமாக உருவிவிட்டும் மணிக்கட்டு வலிக்கிறது. (வாசகர், பத்து காஜா)

பதில்: உருவுவதை இன்றே நிறுத்துங்கள். கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு குழி விழும். அங்கே அழுத்தினால் வலிக்கிறதா? அதற்குள் இருக்கும் சிறு எலும்பின் விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தப்பிவிடுவதுண்டு. இரத்த ஓட்டம் குறைந்த எலும்பு அது. கவனிக்காவிட்டால் கூடாமலே போகலாம். மறுபடி படம் எடுக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டு அடியை லேசாக எண்ணாதீர்கள்: 2024 டாக்கார் ராலியில் ராலி 2 பிரிவை வென்ற டிவிஎஸ் அணி வீரர் ஹரித் நோவா, அடுத்த ஆண்டு தொடக்கச் சுற்றிலேயே விழுந்து மணிக்கட்டு முறிந்து, போட்டியை விட்டே வெளியேறினார்.

கேள்வி: கழுத்தெலும்புத் தகட்டை எடுத்தால் உடனே ஓட்டலாமா? (வாசகர், கம்பார்)

பதில்: இல்லை. ஆணித் துளைகள் நிரம்பச் சில மாதமாகும். உறுத்தாவிட்டால் எதற்கு எடுக்கிறீர்கள்?

கேள்வி: மூன்று நாளில் தோளில் அறுவை. போன வாரம் வெள்ளம் நின்ற செம்பனைத் தோட்டத்தில் வண்டியைத் தள்ளினேன். நேற்றிலிருந்து காய்ச்சல், கெண்டைக்கால் வலி. சொன்னால் தள்ளிப்போடுவார்கள். (வாசகர், சிம்மோர்)

பதில்: தள்ளிப்போடட்டும்! இது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்கும். தோள் காத்திருக்கும். இதைப் படித்ததும் மருத்துவமனைக்குப் போங்கள். தேங்கிய நீரில் இறங்கியதை அவர்கள் கேட்காமலே சொல்லுங்கள்.