உதைபந்தும் றக்பியும்: ஓர் ஒப்புநோக்கு

ஒரு தாய் வயிற்றிற் பிறந்த இருவர் குணத்தால் வேறுபடுதல் உலகியல்பு. உதைபந்தாட்டமும், றகர் என்று நம்மவர் வழங்கும் றக்பி ஆட்டமும் அத்தகைய உடன்பிறப்புக்கள். இவற்றுள் ஆடுதற்கு ஏற்றது எது, கண்டு மகிழ்தற்கு ஏற்றது எது என்னும் வழக்குக் கல்லூரி விடுதிகளில் ஓயாது நடைபெறுவது; பழைய மாணவர் கூடும் இடங்களில் முதியோரையும் அது விட்டுவைப்பதில்லை. ஹல்துமுல்லை போன்ற ஊவா மலைச்சரிவுகளில் நின்று நோக்கும்போதோ, இவ்வழக்கின் பின்னே மற்றொரு வினாவும் நிற்கக் காண்கின்றோம். எந்த ஆட்டம் எவருக்குக் கிடைத்தது? எது எவருக்குக் கிடையாது போயிற்று? இவ்வினாவை ஒதுக்கிவிட்டு நடுவுநிலையான தீர்ப்புக் கூறல் இயலாது.

இரண்டின் பிறப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்தின் பெரிய பாடசாலைகள் தத்தமக்கென வெவ்வேறு பந்தாட்ட விதிகளைக் கொண்டிருந்தன. 1823ஆம் ஆண்டில் றக்பி என்னும் ஊர்ப் பாடசாலையில் வில்லியம் வெப் எலிஸ் என்ற மாணவர் விதியை மீறிப் பந்தைக் கையிலேந்தி ஓடினார் என்றும், அவ்வோட்டத்திலேயே புதிய ஆட்டம் பிறந்தது என்றும் ஒரு கதை வழங்குகின்றது. அதற்குத் தக்க சான்று இல்லை. ஆயினும் றக்பி உலகக் கிண்ணம் அவர் பெயரையே தாங்கியுள்ளது. சான்றுடைய செய்தி வேறு. 1863 இல் லண்டனிற் கூடிய கழகங்கள் பந்தை ஏந்தி ஓடுதலையும் எதிரியின் காலில் உதைத்தலையும் விலக்கத் துணிந்தபோது, பிளாக்ஹீத் கழகம் அதனை ஏலாது பிரிந்து சென்றது. எஞ்சியோரின் ஆட்டமே இன்றைய உதைபந்து. றக்பி வழி நின்றோர் 1871 இல் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்தனர். காலில் உதைக்கும் வழக்கத்தை அவர்களும் அப்போதே கைவிட்டனர் என்பது சுவையான செய்தி.

றக்பி இலங்கைக்கு வந்ததும் காலந்தாழ்த்தி அன்று. 1879 இலேயே கொழும்பில் அதற்குக் கழகம் தோன்றியது. பாடசாலைகளுள் கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியில் லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் 1891 இல் அதனைத் தொடக்கி வைத்தார். 1906 இல் கிங்ஸ்வூட் கல்லூரியும் திருத்துவக் கல்லூரியும் பாடசாலைகளுக்கிடையிலான முதற் போட்டியை ஆடின. 1945 முதல் றோயல் கல்லூரியும் திருத்துவக் கல்லூரியும் பிறட்பி கேடயத்துக்காகப் பொருதி வருகின்றன.

ஆடுவோர் நோக்கில்

உதைபந்தில் அணிக்குப் பதினொருவர். ஆட்டம் 90 நிமிடம். றக்பியில் அணிக்குப் பதினைவர். ஆட்டம் 80 நிமிடம். முன்னதன் பந்து 68 முதல் 70 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள உருண்டை. பின்னதன் பந்து 28 முதல் 30 சென்ரிமீற்றர் நீளமான முட்டை வடிவினது. நிலத்தில் விழுந்தால் எப்பக்கம் துள்ளும் என்று எவரும் அறியார். உதைபந்தில் கோல் காப்பாளரன்றி மற்றையோர் ஆட்டத்தினிடையே கையாற் பந்தைத் தொடலாகாது. றக்பியிற் கையும் காலும் இரண்டும் ஆளலாம். ஆனாற் கையால் முன்னோக்கி எறிதல் குற்றம். முன்னேற விரும்புவோன் பந்தைப் பின்னால் வருவோனுக்கே எறிதல் வேண்டும். எனவே ஏந்தி ஓடுவோன் தனக்குப் பின்னே தோழர் வருகின்றனர் என்னும் நம்பிக்கையிலேயே ஓடுகின்றான். இந்நம்பிக்கையே றக்பியின் உயிர்நிலை.

உடல்வாகு பற்றியும் ஒரு சொல். றக்பியின் பதினைவருள் முன்வரிசையினர் எண்மர், பின்வரிசையினர் எழுவர். பருத்தவன் ஸ்கிரம் என்னும் நெருக்கத்திலே தோள் கொடுக்கின்றான். நெடியவன் எல்லைக்கோட்டிலிருந்து எறியப்படும் பந்தை எழும்பிப் பறிக்கின்றான். குறியவன் அந்நெருக்கத்தினின்று வெளிவரும் பந்தை எடுத்து வழங்குகின்றான். விரைந்தோடுவோன் ஓரத்தில் நிற்கின்றான். ஓட முடியாதவன் என்று பிறர் நகைக்கும் பருத்த மாணவனுக்கும் மதிப்பான இடம் உண்டு. உதைபந்து இவ்வாறு உடலைப் பகுத்து வேலை கொடுப்பதில்லை. ஆனால் எந்த உடலையும் தடுப்பதுமில்லை. 165 சென்ரிமீற்றர் உயரமே உடைய மரடோனா 1986 இல் உலகக் கிண்ணத்தை ஏந்தியமை இதற்குச் சான்று.

ஊறு நேரும் அச்சம் றக்பியில் மிகுதி என்பதை மறைத்தல் கூடாது. ஓடி வருவோனைப் பிடித்து வீழ்த்துதல் அவ்வாட்டத்தின் இயல்பு. அதனாலேயே தோளுக்கு மேலே பிடித்தல் குற்றமாக்கப்பட்டுள்ளது. தலை அதிர்ச்சியுற்றதென ஐயம் எழுந்தால் ஆட்டக்காரரை உடனே களத்தினின்றும் நீக்குதல் வேண்டும் என்பதும் விதி. பயிற்சி பெற்ற ஆசிரியர் இன்றி இதனைச் சிறுவர்க்குக் கற்பித்தல் தகாது. உதைபந்தும் முற்றாகத் தீங்கற்றதன்று. கணுக்கால், முழங்கால் ஊறுகள் அதில் உண்டு. சிறுவர் பந்தைத் தலையால் முட்டுதலை இங்கிலாந்து முதலிய நாடுகள் இப்போது கட்டுப்படுத்தி வருகின்றன.

ஒழுக்கத்திலோ றக்பியே ஆசான். மத்தியஸ்தரின் தீர்ப்பைப் பற்றி அணித்தலைவர் மட்டுமே அவரை அணுகிப் பேசுவது அதன் மரபு. உதைபந்தில் ஒரு விசில் ஊதினால் மத்தியஸ்தரை ஐவர் அறுவர் சூழ்ந்துகொள்ளக் கண்டிருக்கின்றோம். 2024ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் தலைவர் ஒருவரே அணுகலாம் என்னும் நெறி புகுத்தப்பட்டமை, மூத்தவன் இளையவனிடம் பாடங் கேட்டமைக்கு ஒப்பாகும்.

காண்போர் நோக்கில்

உதைபந்தைக் காண்பதற்கு முன்னறிவு வேண்டியதில்லை. பந்து கோலுக்குள் சென்றதா இல்லையா என்பதே கேள்வி. ஓப்சைட் விதி ஒன்றே சிறிது விளக்கத்தை வேண்டும். அதனை அறியாத பாட்டியும் பேரனுடைய ஆட்டத்தைக் கண்டு மகிழலாம். கோல் அரிதாகவே விழுவதால், விழும்வரை நெஞ்சு துடித்துக்கொண்டேயிருக்கும். எளிய அணியும் ஒரு கோல் போட்டுவிட்டு வலிய அணியைத் தடுத்து நிற்றல் கூடும்.

றக்பியில் மத்தியஸ்தர் ஏன் விசில் ஊதினார் என்பதே புதியவருக்கு விளங்குவதில்லை. ட்றை ஒன்றுக்கு 5 புள்ளி. அதனைத் தொடரும் உதைக்கு 2. தண்டனை உதைக்கு 3. முற்காலத்தில் எல்லைக்கு அப்பாற் பந்தை வைத்தவன் கோலை நோக்கி உதைத்துப் பார்க்கும் உரிமையை மட்டுமே பெற்றான். முயற்சி என்னும் பொருளுடைய ட்றை என்ற பெயர் அவ்வாறு வந்ததே. இக்கணக்கு விளங்கியபின் றக்பி வேறோர் இன்பத்தைத் தருகின்றது. கயிறிழுத்தலிற் போல நிலம் அடியடியாகக் கைமாறுவதைக் கண்ணாற் காணலாம். 2023 இல் பாரிஸில் நடைபெற்ற உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் நியூசிலாந்து மட்டுமே ட்றை வைத்தது. தென்னாபிரிக்காவோ நான்கு தண்டனை உதைகளால் 12க்கு 11 என வென்றது. விதியறியாதவர்க்கு அது அநீதி. அறிந்தவர்க்கு அது பொறுமையின் வெற்றி. அதற்கு முந்திய ஆண்டு ஆர்ஜென்ரீனாவும் பிரான்சும் 3க்கு 3 எனச் சமநிலையுற்று, தண்ட உதைகளால் முடிவு கண்ட உதைபந்து இறுதியாட்டத்தை விளங்கிக்கொள்ள எவருக்கும் ஆசிரியர் வேண்டியிருக்கவில்லை.

மலைநாட்டில் நிகழ்ந்தது

இனி நம் மண்ணுக்கு வருவோம். திக்கோயா, டிம்புள்ள, ஊவா ஆகிய தேயிலை மாவட்டங்களின் துரைமார் கழகங்கள் றக்பி அணிகளை வளர்த்தன. மலைகளுக்கிடையே செவ்வையாக மட்டஞ் செய்து புல் வளர்த்த மைதானங்கள் அவர்களுக்கு இருந்தன. அம்மைதானங்களை வெட்டிச் சமன் செய்த கைகள் தொழிலாளர் கைகள். ஆயின் அவர்தம் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்றனர்.

பெரகலைச் சந்தியிலிருந்து ஹல்துமுல்லை வழியாகப் பலாங்கொடை செல்லும் பாதையிற் பயணஞ் செய்தோர் இந்நிலத்தின் தன்மையை அறிவர். ஒருபுறம் மலை, மறுபுறம் தென்சமவெளி வரை இறங்கும் பள்ளம். மட்டமான நிலம் என்பது பெரட்டுக்களமும் பாடசாலை முற்றமும் கோயில் முன்றிலுமே. இத்தகைய இடத்தில் றக்பி எவ்வாறு வேர்கொள்ளும்? விழுந்தெழும் ஆட்டத்துக்குப் புற்றரை வேண்டும். சரளைக் கல்லில் வீழ்ந்தவன் தோலுரிந்தே எழுவான். உதைபந்தோ இருக்கும் இடத்துக்கேற்பத் தன்னைச் சுருக்கிக்கொள்ளும். இரண்டு கற்கள் கோற்கம்பங்களாகும்; பதினொருவர் ஐவராவர். பந்து விளிம்பு கடந்து தேயிலை மலைக்குள் உருண்டால், உதைத்தவனே இறங்கி எடுத்து வரல் வேண்டும். ஆதலாற் பந்தை உயர்த்தாது நிலத்தோடு தாழ்த்திக் குறுக வழங்கும் பழக்கம் இயல்பாகவே அமைகின்றது.

சப்பாத்தும் உதைபந்துக்குத் தடையாகவில்லை. 1911 இல் கல்கத்தாவின் மோகன் பகான் அணியினர், ஒருவர் தவிர மற்றையோர் வெறுங்காலராய், கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவினரை 2க்கு 1 என வென்று கேடயம் பெற்றனர். 1948 இல் லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர் பலர் வெறுங்காலுடனேயே பிரான்சை எதிர்த்தாடினர். அதே கல்கத்தாவில் றக்பிக்கு நேர்ந்ததையும் காண்க. 1873 இல் அங்கு ஆங்கிலர் நிறுவிய கழகம், பட்டாளம் இடம்பெயர்ந்து உறுப்பினர் குறைந்தமையால் 1878 இற் கலைந்தது. கையிருப்பான வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கிண்ணம் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினர். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் கல்கத்தாக் கிண்ணம் என்னும் பெயரால் அதற்காக ஆடி வருகின்றன. சிலருக்கு மட்டுமே உரியதான ஆட்டம் அச்சிலர் அகன்றதும் அருங்காட்சிப் பொருளாகின்றது.

இலங்கையில் 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தோடு ஆங்கிலத் துரைமாரின் காலம் முடிவுற்றது. ஆயினும் றக்பி அழியவில்லை. கண்டியிலும் கொழும்பிலும் பாடசாலைகள் அதனைத் தமதாக்கிக்கொண்டிருந்தன. தோட்டப் பாடசாலைகளுக்கு அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை.

கடல் கடந்த பீஜித் தீவிலும் இதே கதையே. 1903 முதல் சென்னை மாகாணத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற நம்மவரும் பிற இந்தியரும் உதைபந்தைப் பற்றினர். தீவின் பூர்விகக் குடிகள் றக்பியைப் பற்றினர். 1938 இல் இந்தியர் சங்கமாகத் தோன்றிய உதைபந்தாட்டச் சங்கம் 1961 இல் எல்லா இனத்தவர்க்கும் பொதுவாயிற்று. பீஜி தனது முதல் ஒலிம்பிக் பதக்கத்தை 2016 இல் எழுவர் றக்பியிற் பொன்னாகவே வென்றது. தென்னாபிரிக்காவில் றக்பி வெள்ளையரின் அடையாளமாகவும் உதைபந்து கறுப்பினத்தவரின் அடையாளமாகவும் இருந்தன. 1995 இல் நெல்சன் மண்டேலா றக்பி அணியின் பச்சைச் சட்டையை அணிந்து களத்துக்கு வந்தார். 2019 இல் சியா கொலிசி என்னும் கறுப்பினத் தலைவர் உலகக் கிண்ணத்தை உயர்த்தினார். வேலிகள் பிறவியில் அமைந்தவையல்ல என்பதை இவை காட்டும்.

செய்யத்தக்கது

ஆகவே நமது தீர்ப்பு இது. காண்பதற்கும், கைப்பொருள் இன்றி ஆடுதற்கும் உதைபந்தே முற்படும். வெவ்வேறு உடல்வாகினரை ஓரணியாக்குதற்கும், அதிகாரத்துக்கு அடங்கி நிற்கப் பழக்குதற்கும் றக்பி சிறந்தது. ஒன்றைப் புகழ்ந்து மற்றதை இகழ்தல் வேண்டா. தோட்டச் சிறுவனுக்கு இரண்டையும் ஆடிப்பார்த்துத் தேர்ந்துகொள்ளும் உரிமை கிடைத்தல் வேண்டும்.

அதற்கு வழியும் உண்டு. சடுகுடு அறிந்த பிள்ளைக்கு எதிரியைப் பிடித்து நிறுத்தலும், பிடியினின்று நழுவலும் புதியன அல்ல. கிளித்தட்டு ஆடியவனுக்கு வெளி கண்டு ஓடலும் புதியதன்று. எழுவர் றக்பியிற் பாதிக்கு 7 நிமிடமே. 1883 இல் ஸ்கொட்லாந்தின் மெல்றோஸ் என்னும் சிற்றூரிற் பிறந்த அவ்வகை, ஆள் குறைந்த பாடசாலைகளுக்கும் ஏற்றது. இடுப்பிற் செருகிய நாடாவைப் பறித்தலையே பிடித்தலாகக் கொள்ளும் முறையும் உண்டு. அதிற் சிறுவரும் சிறுமியரும் வீழ்த்தப்படும் அச்சமின்றி ஆடலாம்.

மைதானமே முதற் பொருள். ஆயின் மலையை விரும்பியவாறு வெட்டுதல் ஆகாது. 2014 ஒக்டோபர் 29 இல் இதே ஹல்துமுல்லைப் பிரிவிலுள்ள மீரியபெத்தையில் மண்சரிந்து லயன்களும் மக்களும் புதையுண்டதை மறத்தல் இயலுமா? நிலத்தை ஆராய்ந்து தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவுரை பெற்றே களம் அமைத்தல் வேண்டும். புது நிலம் வெட்டுவதினும் இருக்கும் மட்ட நிலத்திற் புல் வளர்த்துப் பல பாடசாலைகள் முறைவைத்து ஆளுதல் மேல். 1992 முதல் தோட்டங்களை முகாமை செய்யும் கம்பனிகளிடம் இதனை எடுத்துரைக்கத் தக்கோர் பழைய மாணவரே.

பந்து வாங்கிக் கொடுத்தல் நன்று. மத்தியஸ்தம் பயின்ற ஓர் ஆசிரியரை உருவாக்குதல் அதனினும் நன்று. பந்து ஒரு மாரிக்குள் நைந்துவிடும். விதியறிந்த ஆசிரியரோ ஒரு தலைமுறையை வளர்ப்பார். நம் விழாக் கொண்டாட்டத்தின் பயனாக ஊவாச் சரிவில் ஒரு பாடசாலையேனும் அத்தகைய ஆசிரியரைப் பெறுமாயின், எந்த ஆட்டம் சிறந்தது என்னும் வழக்கை அங்குள்ள பிள்ளைகள் தாமே களத்தில் தீர்த்துக்கொள்வர்.