யாங்சி நதிச் சரக்குக் கலமும் அதன் சிற்றுருவமும்

சீன தேசத்து யாங்சி நதி, சுங்கிங் நகருக்கும் இச்சாங் நகருக்கும் இடையே மலையிடுக்குகளின் வழியாய்ப் பாய்கின்றது. ஆங்குச் சரக்கேற்றிச் சென்ற பழைய மரக்கலங்கள் இன்று தொழிலில் இல்லை. அவற்றை அறிதற்கு அளவொத்த சிற்றுருவங்கள் பெரிதும் உதவுவனவாம். அவற்றை நோக்கும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, அளவு. 72 அடிக் கலத்தை 24-இல் ஒரு பங்காகச் சமைப்பின் சிற்றுருவம் 3 அடி நீளமாகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைதலின், எடையோ 13,824-இல் ஒரு பங்காகிவிடும். பலகையின் கனமும் அவ்விகிதப்படியே அமைந்த சிற்றுருவம் 5 ராத்தல் நிறுக்குமாயின், கலம் ஏறக்குறைய 31 டன் நிறுக்கும். சரக்கின் பாரம் இதற்கு மேலாம்.

இரண்டாவது, உடலமைப்பு. இக்கலத்தின் அடி தட்டையானது. ஏரா மரம் இல்லை. குறுக்கே நிறுத்திய பலகைச் சுவர்கள் உடலை அறைகளாகப் பகுக்கின்றன. இவை பக்கங்களுக்கு உறுதி தருவதோடு, பாறை மோதி ஓரறை உடைந்தவிடத்து நீர் ஏனைய அறைகளிற் பரவாமலும் தடுக்கும். மூட்டுவாய்களை மூங்கில் நார், சுண்ணாம்பு, துங்க மரத்து எண்ணெய் ஆகியவற்றால் அடைப்பர்.

மூன்றாவது, செலுத்தும் கருவிகள். முன்புறத்து நீண்ட பெருந்துடுப்பு, விரைநீரில் கலத்தின் முகத்தை விரைந்து திருப்புதற்காம். மூங்கிற்பட்டையால் முறுக்கிய நெடுங்கயிற்றைக் கரையில் நின்ற ஆட்கள் தோளிற் பூண்டு, நீரோட்டத்தை எதிர்த்துக் கலத்தை இழுத்தனர். மேற்கூறிய எடைக்கணக்கை நினைவிற் கொண்டாலன்றி அவர்தம் உழைப்பு நமக்கு விளங்காது.

1898-இல் லிட்டில் என்னும் ஆங்கிலேயர் நீராவிப் படகொன்றைச் சுங்கிங் வரை செலுத்தினார். அதன்பின் இயந்திரக் கலங்கள் படிப்படியே பெருகின. 2003-இல் மூன்று மலையிடுக்கு அணையில் நீர் தேங்கத் தொடங்கவே, பழைய விரைநீர்த் துறைகளும் அமிழ்ந்தன.

இக்கலங்களைக் கட்டிய தச்சர் வரைபடம் இன்றிக் கண்ணளவாலும் பழக்கத்தாலுமே கட்டினர். பூலிங் நகரத்தார் பின்புறத்தை ஒருபுறமாக முறுக்கியே ஒருவகைக் கலம் சமைத்தனர். அவ்வளைவைச் சொல்லால் விளக்குதல் அரிது. சீனச் சுங்க இலாகாவின் தலைவராயிருந்த மேஸ் என்பார், சீனக் கலங்களின் சிற்றுருவங்களைச் செய்வித்து, 1938-இல் இலண்டன் விஞ்ஞானக் காட்சிசாலைக்கு அளித்தமை இதனாற் பெரும்பயன் உடையதாயிற்று.

ஆகவே, மாணவர்காள், சிற்றுருவம் செய்வோர் ஒரு கயிற்றின் பருமனையும் ஒரு துடுப்பின் நீளத்தையும் அளந்தே அமைத்தல் வேண்டும். அதிற் பிழை புகின், ஒப்புநோக்கித் திருத்துதற்குக் கலம் ஆற்றில் இல்லை.