பணமும் பத்தாயத்துச் சாவியும்

பத்தாயத்து நெல் குடும்பத்தார் அனைவருக்கும் பொது. சாவியோ ஒருவர் பொறுப்பு. 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. முறைக்கும் இந்நெறியே பொருந்தும். இரகசிய எண்ணைப் பிள்ளைகளிடம் கூறுதல் சாவியையே கொடுப்பதாகும். பயிர்க்கடன் பணம் கைப்பேசி விளையாட்டில் கரைந்தபின், விதைப்புப் பருவம் நமக்காகக் காத்திராது.

2024-இல் வந்த ‘யு.பி.ஐ. சர்க்கிள்’ முறையில், எண்ணைக் கூறாமலே, குடும்பத்தார் தம் கைப்பேசி வாயிலாக நம் கணக்கிலிருந்து செலவிட அனுமதிக்கலாம். ஒவ்வொரு செலவுக்கும் நம் ஒப்புதலைப் பெறச் செய்யலாம். அல்லது மாதம் 15,000 ரூபாய்க்கு மேற்படாத வரம்பு விதிக்கலாம்.

பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. அதற்காக எண்ணைக் கேட்பவன் வஞ்சகனே. ஏமாற நேர்ந்தால், தாமதியாது 1930 என்னும் தொலைபேசி எண்ணுக்குத் தெரிவித்தல் வேண்டும். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இவற்றைக் கிராம சபையில் எடுத்துரைப்பார்களாக.