வாராத வாசகரும் நூலகமும்

கேள்வி: தொலைநிலைக் கல்வி பயிலும் மாணவர்கள் பல்கலைக்கழக நூலகத்தின் வாசலையே மிதிப்பதில்லை; அப்படியிருக்க, அதன் சேவைகளை வகுப்பதில் அவர்களுடைய அபிப்பிராயத்தைக் கேட்பதால் என்ன பிரயோஜனம்?

பதில்: வாசலை மிதிக்காதவர்கள் என்பதனாலேயே அவர்களைக் கேட்டாக வேண்டும் என்பேன். நேரில் வரும் மாணவன் அலமாரிக்கு முன்னால் திகைத்து நின்றால் நூலகர் கண்டு உதவிவிடுவார். பகலெல்லாம் உத்தியோகம் பார்த்து, குழந்தைகள் உறங்கிய பின் கணினியைத் திறந்து, தேடிய கட்டுரை கிட்டாமல், கடவுச்சொல்லும் ஏற்கப்படாமல் சலித்து மூடிவிடுகிறவளின் சிரமத்தைக் காண்பார் எவருமில்லை. 1969-இல் அரச சாசனம் பெற்று 1971-இல் பாடம் தொடங்கிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், மில்டன் கீன்ஸில் நூலகம் வைத்திருந்தும் மாணவர்கள் நாடெங்கும் சிதறியிருப்பதால், தாமாக முன்வரும் மாணவர்களைக் கொண்ட குழு ஒன்றை நூலகத்துக்கென்றே அமைத்து, அவர்களுடைய யோசனைகளைக் கேட்டு வருகிறது. இது உத்தமமான ஏற்பாடு. வினாத்தாள் மட்டும் அனுப்பினால் ‘எல்லாம் சௌகரியமே’ என்று மரியாதைக்கு எழுதிவிடுகிறவர்கள் (எல்லாத் தேசத்தாரும் இதில் ஒரே ஜாதிதான்), ஒரு கட்டுரையைத் தேடி எடுக்கச் சொல்லிக் கவனித்தால், எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பதைத் தம்மையறியாமலே காட்டிவிடுவார்கள்.

ஆனால், முன்வந்து சேருகிறவர்கள் பெரும்பாலும் நூலகத்தை ஏற்கெனவே நேசிக்கிறவர்கள். ஒரு தடவைகூட அதை நாடாமலே பட்டம் பெற்றுப் போகிறவர்களையும், பார்வைக் குறைபாடு உள்ளவர்களையும் தேடிப்பிடித்து அழைப்பது நூலகரின் பொறுப்பு. அவர்கள் சொல்லி எது மாறிற்று என்பதை அவர்களுக்கே தெரிவிப்பதும் அவர் பொறுப்பே, இல்லையேல் அடுத்த அழைப்புக்கு எவரும் செவிசாய்க்கமாட்டார்கள்.