வால்பாறை மேட்டுநிலத்தில் நிலப்பயன்பாடும் பாலூட்டிகளின் பன்மையும்

திறவுச்சொற்கள்: நிலப்பயன்பாடு, சோலைத்துண்டு, சோலைமந்தி, நிழல்மரம், ஆற்றங்கரைக் காடு, வால்பாறை

முன்னுரை

தொல்காப்பிய அகத்திணையியல் நிலத்தின் கருப்பொருள்களைக் கூறுமிடத்து, தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியவற்றை ஒரே நிரலில் வைக்கிறது. குறிஞ்சிக்குரிய விலங்குகளாக யானை, புலி, கரடி, பன்றி ஆகியவற்றை உரையாசிரியர்கள் சுட்டுவர். நிலத்தின் விலங்கும் அந்நிலத்தில் மாந்தர் செய்யும் தொழிலும் ஒன்றோடொன்று இணைத்து எண்ணத்தக்கவை என்னும் பார்வை இந்நிரலுக்குள் இருக்கிறது. அவ்வாறாயின், ஒரு நிலத்தின் தொழில் முற்றாக மாறிவிடும்போது அதன் விலங்குகள் என்னவாகின்றன? குறிஞ்சி நிலமான ஆனைமலைத் தொடரின் வால்பாறை மேட்டுநிலத்தைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

நிலம் மாறிய வரலாறு

கோவை மாவட்டத்தின் தென்மேற்கில் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ள இம்மேட்டுநிலம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை பெரிதும் மழைக்காடாகவே இருந்தது. காடர் உள்ளிட்ட பழங்குடியினர் இம்மலைகளில் வாழ்ந்துவந்தனர். 1890-களில் ஆங்கிலேயத் தோட்டமுதலாளிகள் காட்டைத் திருத்தத் தொடங்கினர். முதலில் காப்பியும் பின்னர்ப் பேரளவில் தேயிலையும் பயிராயின. தேயிலை உலர்த்தும் அடுப்புகளின் விறகுக்காக யூகலிப்டஸ் நடப்பட்டது. இன்று இந்நிலத்தைச் சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும், கேரளத்தின் பரம்பிக்குளம் புலிகள் காப்பகமும் வாழச்சால் வனக்கோட்டமும் அமைந்துள்ளன. காடுகளால் சூழப்பட்ட தேயிலைத் தீவு என்றே இதனைக் கூறலாம். அத்தீவுக்குள்ளும் சிறு காடுகள் எஞ்சின. பள்ளத்தாக்குகளிலும் செங்குத்துச் சரிவுகளிலும், பயிரிட வாய்ப்பின்றியோ கைவிடப்பட்டோ நின்ற நாற்பதுக்கும் மேற்பட்ட சோலைத்துண்டுகளே அவை. இவற்றுள் பல தனியார் தோட்டங்களின் உடைமை. ஆகவே காப்பகச் சட்டத்தின் காவல் அவற்றுக்கு இல்லை.

எண்ணிக்கை காட்டாத இழப்பு

மேட்டுநிலத்தில் வாழும் பாலூட்டிகளின் பட்டியலை மட்டும் நோக்குவோர்க்கு இழப்பு ஏதும் புலப்படாது. யானை, சிறுத்தை, செந்நாய், காட்டெருமை, கடமான், கேளையாடு, முள்ளம்பன்றி, கருமந்தி, சோலைமந்தி, மலையணில், பழுப்பு மரநாய், நீர்நாய் எனப் பட்டியல் நீள்கிறது. ஆயினும், இவை அனைத்தும் ஒரே நிலத்தை ஒரே முறையில் பயன்படுத்துவதில்லை. இவ்வேறுபாட்டைக் கருதாமல் இனங்களை எண்ணுவது, நோயாளிகளையும் நலமுடையோரையும் சேர்த்து எண்ணி ஊரின் உடல்நலத்தைக் கணிப்பதை ஒக்கும்.

தேயிலைத் தோட்டம் இடுப்பளவில் வெட்டிப் பேணப்படும் புதர்ப்பரப்பு. கேளையாடும் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் அதன் ஓரங்களில் உலவும், காட்டெருமை மேயும், அவற்றைத் தொடர்ந்து சிறுத்தையும் வரும். வால்பாறைச் சிறுத்தைகளின் எச்சங்களை ஆராய்ந்தோர், அவற்றின் இரையில் மிகப் பெரும்பகுதி காட்டுவிலங்குகளே என்று கண்டனர். தோட்டக் குடியிருப்புகளின் ஆடுமாடுகளை நம்பியே சிறுத்தை வாழ்கிறது என்ற பொதுநம்பிக்கைக்கு இம்முடிவு இடம் தரவில்லை.

மரத்தை விட்டு இறங்காத விலங்குகளின் நிலை வேறு. ஆனைமலைச் சோலைத்துண்டுகளில் மரவாழ் பாலூட்டிகளின் இருப்பை ஆராய்ந்து ஜி. உமாபதியும் அஜித் குமாரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு, துண்டின் பரப்போடு மரங்களின் உயரமும் அடர்த்தியும் கருதத்தக்கவை எனக் காட்டியது. மலையணிலுக்குக் கிளையோடு கிளை தொடாத இடைவெளி கடத்தற்கரிய ஆறு போன்றது.

புதுத்தோட்டத்துச் சோலைமந்திகள்

மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய சோலைமந்தி (சிங்கவால் குரங்கு), அழியும் நிலையிலுள்ள இனமாகப் பன்னாட்டுச் செம்பட்டியலில் இடம்பெற்றது. வெடிப்பலா மரத்தின் பூவும் காயும் அதன் முதன்மை உணவுகளுள் அடங்கும். பிற கனிகள் அருகும் மாதங்களில் வெடிப்பலாவின் சதைப்பற்றுள்ள பூக்களே மந்திக்கும் மரநாய்க்கும் அணிலுக்கும் பசி தீர்க்கின்றன.

வால்பாறை நகரை ஒட்டிய புதுத்தோட்டம் என்னும் சோலைத்துண்டு ஏறத்தாழ 92 எக்டேர் மட்டுமே. கீழே காப்பிச் செடிகளும் மேலே பழைய காட்டுமரங்களும் கலந்து நிற்கும் இடம் அது. சில பத்துகளாக இருந்த அங்குள்ள மந்திகளின் தொகை பின்னர் 150-ஐக் கடந்தது. இது பாதுகாப்பின் வெற்றியெனத் தோன்றலாம். ஆனால் பெருங்காட்டில் இவ்வளவு மந்திகள் இவ்வளவு சிறிய பரப்பில் நெருங்கி வாழ்வதில்லை. சுற்றிலும் தேயிலை சூழ்ந்திருப்பதால் வளரும் கூட்டம் பிரிந்து வேறு சோலைக்குச் செல்லும் வழி அடைபட்டது. தரையில் இறங்கா இயல்பினதான இவ்விலங்கு இங்குத் தரையில் நடக்கிறது. சாலையைக் கடக்கையில் வண்டிகளில் அடிபடுகிறது. வீடுகளுக்குள் புகுந்து உணவெடுக்கிறது. சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டப்பட்ட கயிற்றுப் பாலங்களை மந்திகள் ஏற்றுக்கொண்டன. அவை உயிரிழப்பைக் குறைக்கும். ஆனால் சோலையை மற்றொரு சோலையுடன் இணைக்கும் அளவுக்கு அவற்றுக்கு நீளமில்லை.

யானையும் ஆற்றங்கரையும்

யானைக்குத் தேயிலை தடையன்று. ஆயினும் அங்கு அதற்கு மறைவும் உணவும் இல்லை. எம். ஆனந்த குமார், திவ்யா முடப்பா, டி. ஆர். சங்கர் ராமன் ஆகியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி, யானைகள் தம் பரப்பளவுக்கு விஞ்சிய அளவில் நாடிச்செல்லும் இடம் ஆற்றங்கரைக் காடு. நடுவாறு, சோலையாறு ஆகியவற்றின் கரைகளில் நிற்கும் மரங்கள் பகலில் தங்கவும், ஒரு காட்டிலிருந்து மறுகாட்டுக்குச் செல்லவும் உதவுகின்றன. தோட்டத்து ஓடைகளில் நண்டு தேடும் சிறுநக நீர்நாய்க்கும் இதே கரைப்புதர்களே மறைவிடம்.

யானைகள் நியாயவிலைக் கடைகளையும் சத்துணவுக் கூடங்களையும் உடைத்து அரிசியும் உப்பும் தின்பது இங்குப் பலமுறை நிகழ்ந்தது. மனித உயிர்கள் போனதற்குப் பெருங்காரணம், யானை அருகிருப்பதை அறியாது மக்கள் இருளில் நடந்ததே. இதனை உணர்ந்தே, யானையின் இருப்பிடத்தைத் தமிழில் குறுஞ்செய்தியாகவும் உள்ளூர்த் தொலைக்காட்சியின் ஓடும் எழுத்தாகவும் அறிவிக்கும் முறை உருவாக்கப்பட்டது. முக்கிய இடங்களில் சிவப்பு எச்சரிக்கை விளக்குகளும் அமைக்கப்பட்டன. யானையை விரட்டாமல் மனிதரின் நடமாட்டத்தை மாற்றிய இம்முறையால் உயிரிழப்புகள் குறைந்தன. லயன் வீடுகளில் வாழும் தொழிலாளரின் பாதுகாப்பும் யானையின் பாதுகாப்பும் ஒரே ஏற்பாட்டில் அடங்கியதே இதன் சிறப்பு.

நிழல்மரம் எனும் தீர்மானம்

பழுப்பு மரநாய் இரவில் கனி தின்று விதை பரப்புவது. பகலில் மரப்பொந்திலும் கொடிப்பின்னலிலும் உறங்குவது. காட்டுமரங்களை நிழலாகக் கொண்ட காப்பித் தோட்டத்தில் அதற்குக் கனியும் பொந்தும் கிடைக்கும். ஆனால் பல தோட்டங்களில் காட்டுமரங்கள் நீக்கப்பட்டு, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் நடப்படுகிறது. அது விரைந்து நேராக வளர்வது. மிளகுக்கொடி படர ஏற்றது. வெட்டி விற்க எளிது. நிலப்பதிவேட்டில் இரண்டும் காப்பித் தோட்டமே. வானிலிருந்து எடுத்த படத்திலும் இரண்டும் பசுமையாகவே தோன்றும். மரநாய்க்கும் மலையணிலுக்கும் முதலாவது வாழிடம். இரண்டாவது வெறும் கம்பங்களின் வரிசை.

இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் தோட்ட நிறுவனங்களுடன் இணைந்து, சிதைந்த சோலைத்துண்டுகளில் உள்நாட்டு மரக்கன்றுகளை நட்டு வருகின்றனர். கன்று கவிகையாக உயரப் பல பத்தாண்டுகள் ஆகும். நின்ற காட்டுமரத்தை வீழ்த்த ஒரு முற்பகல் போதும். எந்த மரம் நிற்பது என்ற தீர்மானம் இன்றும் காப்பகத்தின் எல்லைக்கு வெளியே, மிளகின் விலையையும் மரத்தின் விலையையும் கணக்கிடும் தோட்ட அலுவலகங்களிலேயே எடுக்கப்படுகிறது.