மோட்டார் அல்ல, முதலில் டயர்

கேள்வி: கியோஷோவின் மினி-இசட் ரிமோட் கார் வைத்திருக்கிறேன். திருப்பத்தில் வேகம் கொடுத்தால் பின்பக்கம் வழுக்கிச் சுழன்றுவிடுகிறது. மோட்டாரை மாற்றட்டுமா? தோற்றத்தையும் மாற்ற ஆசை.

பதில்: மோட்டாரைத் தொடாதீர்கள். வேகம் கூடினால் வழுக்கலும் கூடும். முதல் செலவு டயருக்குத்தான்.

ஜப்பானிய நிறுவனமான கியோஷோவின் இந்த 1/28 அளவுக் கார்களில் பெரும்பாலானவற்றைப் பின்சக்கரங்களே உந்துகின்றன. எனவே பின்னால் மென்மையான ரப்பர், முன்னால் சற்றுக் கடினமானது. உறையில் 20, 30 என்று இருக்கும். எண் குறையக் குறைய ரப்பர் மென்மை. ரிம்மைச் சுற்றி மெல்லிய இருபக்க டேப் ஒட்டிவிட்டு டயரை மாட்டுங்கள். இல்லையென்றால் திருப்பத்தில் டயர் பிதுங்கி, கழன்றும் விடும். ஓட்டும் முன் டயரில் ஒட்டிய தூசியைத் துடைப்பதை மறக்காதீர்கள். பாதி வழுக்கல் அதிலேயே குறையும்.

அடுத்தது டி-பிளேட். மோட்டார் இருக்கும் பின்பகுதியை முன்சட்டத்தோடு இணைக்கும் சிறு தகடு இது. இது வளைந்து கொடுப்பதுதான் பின் சஸ்பென்ஷன். வழுக்கும் தரைக்கு இளக்கமான தகடு நல்லது. சக்கரங்களில் பிளாஸ்டிக் புஷ் இருந்தால் பால் பேரிங் போடுங்கள். விலைக்கு மீறிய பலன்.

அழகுக்கு வருவோம். கூரையில் விளக்கு, கேரியர் என்று எடை ஏற்றினால் கார் எளிதில் கவிழும். எடை குறைய, லெக்ஸான் என்னும் ஒளிபுகும் பிளாஸ்டிக்கால் ஆன பாடி வாங்கலாம். அதற்கு உள்பக்கமாகப் பெயிண்ட் அடிக்க வேண்டும்: அடர் நிறம் முதலில், வெளிர் நிறம் பிறகு. வெளிப்பக்கப் பாதுகாப்புப் படலத்தைக் கடைசியில் உரியுங்கள்.