மூணாறு புறப்படுகிறீர்களா? கலூர்வாசிகளுக்குச் சில குறிப்புகள்

கலூரிலிருந்து மூணாறு சுமார் 130 கிலோமீட்டர். கடலோரத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்துக்குப் போகிறோம். பயணத்தில் வரும் தொல்லைகளில் பாதி அந்த ஏற்றத்தால், மீதி மலை ஈரத்தால். பெரும்பாலானவற்றுக்கு வீட்டிலேயே வழி செய்துகொள்ளலாம்.

1. கலூரில் மெட்ரோ ஏறி ஆலுவாவில் இறங்கி, அங்கே கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் பிடியுங்கள். இடப்பள்ளி நெரிசல் மிச்சம்.

2. கோதமங்கலத்தில் வயிறு முட்டப் பொரோட்டா வேண்டாம். நேரியமங்கலத்தில் 1935-ல் கட்டிய பெரியாற்றுப் பாலத்தைத் தாண்டியதுமே வளைவுகள் ஆரம்பித்துவிடும். தலைசுற்றல் உள்ளவர்கள் முன்சீட்டில் உட்கார்ந்து, போனை உள்ளே வைத்துவிட்டு எதிரே வரும் ரோட்டைப் பார்க்கட்டும். வாந்தி மாத்திரை போடுகிறவர்கள் கிளம்புமுன்பே போட்டுவிட வேண்டும். குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

3. தேங்காய் எண்ணெயை வாய் குறுகிய பாட்டிலில் கொண்டுபோகாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். காலையில் குலுக்கினாலும் ஒரு சொட்டு வராது. அகலவாய் டப்பா என்றால் விரலால் வழித்துக்கொள்ளலாம்.

4. ஷாம்பூ பாட்டிலைக் கொஞ்சம் அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடுங்கள். மேலே போகப்போக உள்ளேயிருக்கும் காற்று விரிந்து ஷாம்பூவை வெளியே தள்ளும். சிப்ஸ் பாக்கெட் உப்புவதும் இதனால்தான்.

5. தங்குமிடத்தில் சமைப்பதானால் குக்கர் அவசியம். அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகுநேரம் ஆகும். ஊறவைத்துப் போட்டால் கேஸ் மிச்சம்.

6. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை துவைத்த துணி காயவே காயாது. ஜீன்ஸை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

7. காட்டுப்பாதையில் நடந்தால் பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொண்டு, சின்னத் துணியில் உப்பு முடிந்து கையில் வைத்திருங்கள். கடித்த அட்டையைப் பிடித்து இழுக்காமல் கிழியால் ஒற்றினால் தானே விழும்.

8. வியூ பாயின்ட்டுகளுக்கே நாள் முழுவதையும் கொடுத்துவிட்டு ஊரைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அரை நாளாவது ஊருக்குள் நடங்கள். தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் ஊர். மார்க்கெட்டில் தமிழிலேயே பேரம் பேசலாம். சி.எஸ்.ஐ. தேவாலயம் 1910-ல் எழும்பியது. ஆனால் பின்னாலுள்ள கல்லறைத் தோட்டம் அதைவிடப் பழையது: 1894-ல் காலராவில் இறந்த எலனர் என்ற இளம்பெண்ணை, தோட்ட மேலாளரின் மனைவியை, அங்கேதான் புதைத்தார்கள். ஏற்றம் கொஞ்சம் வழுக்கும், செருப்பு உதவாது. நல்லதண்ணியில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது (திங்கள் விடுமுறை). உள்ளேயிருக்கும் சூரியக் கடிகாரம் 1913-ல் நம் நாசரேத் தொழிற்பள்ளியில் செதுக்கியது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலின் சக்கரம் ஒன்றும் உண்டு. 1908 முதல் டாப் ஸ்டேஷன்வரை ஓடிய அந்த ரயிலை 1924 வெள்ளம் வாரிக்கொண்டு போனது. கொச்சிக்காரர்கள் இன்னும் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று சொல்கிறார்களே, அதே வெள்ளம்.

9. டாப் ஸ்டேஷனுக்கு விடிகாலையிலேயே போய்விடுங்கள். நேரமானால் பனி மூடிவிடும். வரையாடு குட்டி போடும் பருவத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில், இரவிகுளம் பூங்காவை மூடிவிடுவார்கள். விசாரித்துவிட்டு அறை போடுங்கள். நீலக்குறிஞ்சி 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. இடையில் ‘குறிஞ்சி சீசன்’ என்று வரும் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். வேறு வகைக் குறிஞ்சி அங்கங்கே பூக்கலாம், மலையே நீலமாகிவிடாது.

10. பால் டீக்கு டஸ்ட், கட்டனுக்கு இலைத்தூள் வாங்குங்கள். ஏலக்காயையும் தேயிலையையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வரவேண்டாம்; பக்கத்தில் இருப்பதன் வாசனையைத் தேயிலை சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் ஈரமில்லாத டின்னுக்கு மாற்றி, அடுப்புக்குத் தள்ளி வையுங்கள்.